உப்பு வணிகர் குற்றப் பரம்பரையான கதை

விக்கிரவாண்டி வட்டாரத்துப் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லித்தரும் பணி நமக்கு. சென்ற பருவத்தில் ஒரு நாள், ஏழாம் வகுப்பில், ஒரு பெண்ணின் பேனா காணாமற் போயிற்று. எடுத்தவர் யார் என்று நாம் கேட்கவில்லை. கேட்கும் வேலையே நமக்கு நேரவில்லை. வகுப்பின் கண்கள் அத்தனையும் ஒரே பக்கம் திரும்பின. கடைசி வரிசை, சன்னலோரம், கூடை முடைந்து விற்கும் குறவர் வீட்டுப் பிள்ளை! அவன் எழுந்து நின்றான். எவரும் எழச் சொல்லவில்லை. கால்சட்டைப் பைகள் இரண்டையும் தானே வெளியே இழுத்துக் காட்டினான். எவரும் காட்டச் சொல்லவில்லை.

பேனா மறுநாள் கிடைத்தது, அந்தப் பெண்ணின் கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே. பிள்ளைகள் அதை மறந்தும் விட்டனர். நம்மால் மறக்க இயலவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவன், தன் மீது பழி வருமுன்பே, தன் பையைத் தானே சோதித்துக் காட்டுகிறான். இந்தப் பாடத்தை அவனுக்குக் கற்பித்தவர் யார்? நாம் கற்பிக்கவில்லை. பாடநூலில் அது இல்லை. அவன் பாட்டன் கற்றான். பாட்டனுக்குச் சட்டம் கற்பித்தது! அந்தச் சட்டத்தின் கதையைத்தான் தோழர்களிடம் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

குற்றம் ஏன் நிகழ்கிறது என்ற கேள்விக்கு நம் நாட்டில் இரண்டு பழைய விடைகள் உண்டு. ஒன்று, தலையெழுத்து. முற்பிறப்பின் வினை இப்பிறப்பில் அவனைத் திருடனாக்கிற்று என்பர். மற்றொன்று, இரத்தம். அவன் பிறந்த குலம் அப்படி, அவன் என்ன செய்வான் என்பர். முதல் விடை கோயில் மண்டபத்தில் பிறந்தது. இரண்டாவது விடை ஊர்த் திண்ணையில் வளர்ந்தது. இரண்டும் ஒரு வேலையைச் செவ்வனே செய்தன. எவரும் மேற்கொண்டு கேள்வி கேளாதபடி வாயை அடைத்தன.

மூன்றாவதாக ஒரு விடை, ஜெர்மனி நாட்டு விறகுக் காட்டிலிருந்து எழுந்தது. 1841ஆம் ஆண்டு. ரைன் மாநிலச் சட்டமன்றத்திலே ஒரு விவாதம். காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் சுள்ளியை ஏழைகள் பொறுக்கிச் செல்வது தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம். அதைத் திருட்டு என்று சட்டமாக்க வேண்டும் என்றனர் காட்டுடைமையாளர்கள். பொறுக்கப்பட்ட சுள்ளியின் மதிப்பைக் கணக்கிடுபவன் யார்? உடைமையாளனிடம் கூலி வாங்கும் காவலாள். அபராதப் பணம் யாருக்கு? அதே உடைமையாளனுக்கு! இதைக் கண்டித்து 1842இல் 'ரைன் செய்தித்தாள்' என்ற ஏட்டில் கட்டுரைகள் எழுதினார் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர். அவர்தாம் கார்ல் மார்க்ஸ். பொருளியல் பக்கம் தம் கருத்தைத் திருப்பியவற்றுள் அந்த விறகு விவாதமும் ஒன்று என்று பின்னாளில், 1859இல், அவரே எழுதினார்.

அந்தக் கட்டுரைகளிலிருந்து நாம் பெறும் பாடம் எளியது. நேற்று வரை சுள்ளி பொறுக்கியவள், இன்றும் அதே சுள்ளியைத்தான் பொறுக்குகிறாள். அவள் மாறவில்லை, அவள் கை மாறவில்லை, காடு மாறவில்லை. சட்டம் மாறிற்று, அவள் திருடியானாள். ஆகவே, 'திருடியது யார்?' என்று கேட்குமுன், 'இதைத் திருட்டு என்று எழுதியது யார்? யாருடைய பொருளைக் காக்க எழுதினர்?' என்று கேட்க வேண்டும்.

பின்னர் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலிலே இங்கிலாந்தின் கதையை எடுத்துக் காட்டினார் மார்க்ஸ். அங்கே உழவரின் நிலத்தைப் பிடுங்கி ஆட்டு மந்தைக்கு மேய்ச்சல் நிலமாக்கினர். நிலமிழந்தோர் தெருவில் அலைந்தனர். அலைவதே குற்றம் என்றன 1530 முதல் வந்த சட்டங்கள். முதல் முறை பிடிபட்டால் சவுக்கடி. இரண்டாம் முறை சவுக்கடியோடு காது அறுப்பு. மூன்றாம் முறை மரணம். 1547ஆம் ஆண்டின் சட்டமோ, வேலை செய்ய மறுப்பவனைக் காட்டிக் கொடுத்தவனுக்கே அடிமையாக்கிற்று. நிலத்தைப் பிடுங்கியது குற்றமாகவில்லை. நிலமின்றி நடந்தது குற்றமாயிற்று!

இந்த வழியில் பின்வந்த அறிஞர் பலர் சிந்தித்தனர். ஹாலந்து நாட்டு வில்லெம் பாங்கர், குற்றத்துக்கும் பொருளியல் நிலைக்கும் உள்ள உறவை 1905இல் பெருநூலாக எழுதினார். ருஷே, கிர்ஷைமர் என்ற இருவர் 1939இல் வெளியிட்ட நூலிலே, ஒரு காலத்தின் தண்டனை முறை அந்தக் காலத்தின் உழைப்புத் தேவையை ஒட்டியே அமைகிறது என்றனர். தமிழ்நாட்டிலும் இந்தச் சிந்தனை காலத்தே வந்து சேர்ந்தது. பொதுவுடைமை அறிக்கையைத் தமிழாக்கி 1931இல் வெளியிடத் தொடங்கியது 'குடி அரசு' ஏடு.

சரி, ரைன் காடும் இங்கிலாந்து மேய்ச்சல் நிலமும் நமக்கெதற்கு என்பீர். நம் வட்டாரத்துக்கே வருவோம்.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே சென்றால் மரக்காணம். வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். கடற்கரை உப்பு உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றது எப்படி? சங்கப் பாடல்களைப் படித்தோர் உமணரை அறிவர். உப்பு வண்டியோட்டி ஊர் ஊராய்ச் சென்ற வணிகர் அவர். பிற்காலத்திலே மாட்டின் முதுகிலும் கழுதையின் முதுகிலும் உப்புப் பொதி ஏற்றி, வண்டித் தடமில்லாத சிற்றூர்களுக்கும் கொண்டு சேர்த்தவர்களுள் குறவர் முதன்மையானோர். 'உப்புக் குறவர்' என்றே ஒரு பிரிவு. 'கறிவேப்பிலைக் குறவர்' என்று மற்றொன்று. கடற்கரையில் உப்பு வாங்குவர். உள்நாட்டில் தானியத்துக்கு மாற்றுவர். காட்டோரம் மாடுகளை மேய்ப்பர். மூங்கிலும் ஈச்சம் ஓலையும் வெட்டிக் கூடையும் பாயும் முடைவர். ஊர் ஊராய்த் திரிந்தனர் என்றால், அந்தத் திரிதல்தான் தொழில். தபால்காரர் தெருத்தெருவாய்ப் போவதைத் திரிதல் என்பாருண்டோ?

இந்த வாழ்வை ஒரே நாளில் எவரும் வெட்டிச் சாய்க்கவில்லை. ஒவ்வொரு கயிறாக அறுத்தனர். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. உப்பின் விலை வெள்ளையர் கணக்கில் போயிற்று. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இரயில் ஓடிற்று. தண்டவாளம் நீள நீள, உப்பு மூட்டை இரயிலேறிற்று. பொதிமாட்டுக்கு வேலை சுருங்கிற்று. 1876 முதல் 1878 வரை நாட்டைத் தின்ற பெரும் பஞ்சத்திலே மனிதரும் மாண்டனர், மாடும் மாண்டன. மாடு போனபின் வணிகம் ஏது? மீந்திருந்தது காடு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் அதற்கும் வேலியிட்டது. மேய்த்தால் குற்றம், மூங்கில் வெட்டினால் குற்றம், சுள்ளி எடுத்தால் குற்றம். ரைன் காட்டுக் கதை நம் மண்ணில் மறுபதிப்பாயிற்று!

இவ்விதம் உப்பும், மாடும், காடும் பறிபோனபின், கூடையும் குழந்தையுமாகச் சாலையில் நடந்தவரைப் பார்த்துத் துரைத்தனத்தார் கேட்டனர்: "இவர்களுக்கு நிலமில்லை, நிலையான வீடில்லை, கண்ணுக்குத் தெரிந்த தொழிலில்லை. எதைக்கொண்டு பிழைக்கிறார்கள்?" கேள்வியை எழுப்பியவரே விடையும் எழுதிக்கொண்டனர்: "களவு கொண்டு!" தொழிலைப் பறித்தவனே, 'உனக்கேது தொழில்?' என்று கேட்ட அநியாயத்தை என்னென்பது!

அந்த விடையின் சட்ட வடிவந்தான் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வட இந்தியாவுக்காக இயற்றப்பட்டது. 1911இல் நாடு முழுதுக்கும் விரிந்து சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1924இல் மீண்டும் தொகுத்து உறுதியாக்கப்பட்டது. ஒரு கூட்டத்தைக் 'குற்றப் பரம்பரை' என்று சர்க்கார் அறிவித்தால் போதும். அவர்கள் பெயரைப் பதிய வேண்டும், கைரேகை வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் வந்து தலைகாட்டும்படி கட்டளையிடலாம். வெளியூர் போனால் அறிவிக்க வேண்டும். குடும்பத்தோடு பெயர்த்துக் குடியிருப்புகளில் அடைக்கலாம். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கலாம். இத்தனைக்கும் மேலாக ஒரு விதி: அந்த அறிவிப்புச் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது! குற்றம் செய்தவனுக்குத் தண்டனை என்பது உலக வழக்கு. இங்கே தண்டனை முதலில். குற்றம் வந்தாலும் சரி, வாராது போனாலும் சரி.

இந்தச் சட்டத்துக்கு அவர்கள் காட்டிய நியாயத்தைப் பகுத்தறிவாளர் கூர்ந்து கவனிக்க வேண்டும். இந்தியாவிலே தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. தொழில் குலவழியே வருகிறது. ஆகவே களவைத் தொழிலாகக் கொண்ட குலமும் இருந்தே தீரும் என்று 1871இல் வாதிட்டனர். வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்த சரக்கா இது? இல்லை. இங்கேயே விளைந்த சரக்கு! பிறப்பைக் கொண்டு தண்டனையை அளந்தது மனுநூல். உயிரைப் பறிக்க வேண்டிய குற்றத்துக்கும் பார்ப்பனனுக்குத் தலையை மழித்தால் போதும் என்று அதன் எட்டாம் அத்தியாயம் விதித்தது. குலத்தைக் கொண்டு குற்றத்தைக் குறைத்தது அந்தச் சட்டம். குலத்தைக் கொண்டு குற்றத்தைப் படைத்தது இந்தச் சட்டம். மனுவின் அளவுகோலை வெள்ளையர் கைமாற்றாக வாங்கிக்கொண்டனர். நம்மவரில் மேலோர் மனமுவந்து கொடுத்தனர். மார்க்சின் கண்ணாடியோடு சாதியைக் காணும் கண்ணும் வேண்டும் என்பது இதனால்தான். வர்க்கம் மட்டும் பேசினால், ஏழைகளிலே இவர்களை மட்டும் ஏன் பிறவித் திருடர் என்றனர் என்பதற்கு விடை கிடைக்காது.

அடைத்து வைத்து என்ன செய்தனர்? வேலை வாங்கினர். இன்றைய ஆந்திரத்திலே, சீராலா அருகில் ஸ்டூவர்ட்புரம் என்ற குடியிருப்பு. எருகுலர் எனப்படும் மக்களை அடைத்து, நடத்தும் பொறுப்பை இரட்சணிய சேனை என்ற கிறித்துவ அமைப்பிடம் விட்டனர். சீராலாவின் புகையிலை நிறுவனத்துக்கு அங்கிருந்து ஆள் கிடைத்தது. நம் தென்னார்க்காட்டிலும் அசீஸ் நகர் என்றொரு குடியிருப்பை வைத்து நடத்தினர். 'நல்வழிப்படுத்தினோம்' என்றனர். ஓடிப்போனால் சிறை என்ற நிலையிலுள்ள கூலியாள் கூலி உயர்வு கேட்பானா? தண்டனை முறை உழைப்புத் தேவையை ஒட்டி அமையும் என்று 1939இல் இருவர் எழுதியதற்குச் சான்று தேடி ஐரோப்பா போக வேண்டியதில்லை. மற்றொன்றும் காண்க: முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறையிலடைக்க 1859இலேயே ஒரு சட்டம் செய்திருந்தனர். பேசிய கூலியை முதலாளி தராவிட்டால் அது வெறும் கடன் வழக்கு. தொழிலாளி வேலையை விட்டால் அது குற்றம்! 1925ஆம் ஆண்டுதான் அதை நீக்கச் சட்டம் வந்தது.

மக்கள் வாளா இருந்தனரோ? இல்லை. மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3ஆம் நாள், கைரேகை வைக்க மறுத்து நின்றனர் பிறமலைக் கள்ளர். 'எம் விரலைத் தாரோம்' என்றதற்குப் போலீசார் துப்பாக்கியால் விடை கூறினர். மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டனர். அம்மக்களுக்காக வழக்காடினார் ஜார்ஜ் ஜோசப் என்ற வழக்கறிஞர். 'ரோசாப்பூ துரை' என்று அவரை அன்போடு அழைத்தனர். போராட்டம் வளர்ந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கிற்று. 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடெங்கும் நீங்கிற்று.

நீங்கியது சட்டம், நீங்கிற்றா பார்வை? 1948லேயே 'வழக்கமான குற்றவாளிகள்' பற்றிய சட்டம் ஒன்று சென்னையில் வந்துவிட்டது. பெயர்ப்பலகை மாறிற்று, கடை மாறவில்லை. 1993 மார்ச்சில், அன்றைய தென்னார்க்காட்டிலே, நகைத் திருட்டுப் பழி சுமத்தப்பட்ட குறவர் ஒருவர் போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் மனைவி விடாது போராடினார். பல்லாண்டு வழக்குக்குப் பின்னரே போலீசார் தண்டனை பெற்றனர். 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்துக்கு மூலம் இந்த வழக்குத்தான். திரையில் அவர் இருளராகக் காட்டப்பட்டார்.

இதோடு சேர்த்து எண்ண வேண்டிய வழக்கு ஒன்று. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் நாற்பத்து நான்கு உயிர்கள் எரிந்து சாம்பலாயின. கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. குற்றஞ்சாட்டப்பட்ட மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிறைய நிலமுள்ள செல்வர், கார் வைத்திருப்பவர், தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பர் என்று நம்புவதற்கில்லை என்பது தீர்ப்பில் கண்ட கருத்து. தோழர்களே, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இல்லாதவனுக்குப் பிறப்பே குற்றத்துக்குச் சான்று. இருப்பவனுக்குச் சொத்தே குற்றமின்மைக்குச் சான்று!

இங்கே எதிர்வாதம் எழும். "அப்படியானால் திருடுவது சரியா? ஏழையெல்லாம் திருடுகிறானா?" என்பர். நேர்மையான கேள்வி, நேராகவே விடை சொல்வோம். ஏழைகளில் மிகப் பெரும்பாலோர் பசித்தும் திருடாதவர்கள். திருடப்படுபவரும் பெரும்பாலும் ஏழைகளே. கூலிக்காரியின் தோட்டைப் பறிப்பவன் புரட்சிக்காரனல்லன். நாம் களவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. செய்தவனைச் செய்கைக்காக விசாரியுங்கள். பிறந்தவனைப் பிறப்புக்காக விசாரிக்காதீர்கள் என்கிறோம். களவைக் குறைக்க வழி கேட்பின், தொழிலைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறோம்.

இது கனவல்ல, நடந்த செய்தி. இருளர் பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அது தொடர முடியாததாயிற்று. பாம்பைக் காப்பது தேவைதான். ஆனால் நேற்றைய தொழில் இன்றைய குற்றமாயிற்று. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. உரிமம் பெற்றுப் பாம்பைப் பிடிப்பர், நஞ்சை எடுப்பர், பாம்பைக் காட்டிலேயே விடுவர். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. 2023இல் இருளர் இருவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே கை, அதே திறன். ஒரு விதி அதைக் குற்றமாக்கிற்று. மற்றொரு விதி அதை உயிர்காக்கும் தொழிலாக்கிற்று.

மற்றொரு கேள்வியும் உண்டு. இது நம் பக்கத்து இளைஞர் கேட்பது. "சட்டமே ஆள்வோரின் சாட்டையெனில், அதனால் நமக்கென்ன பயன்? தூக்கி எறிய வேண்டியதுதானே?" சோவியத் நாட்டிலே பாஷுகானிஸ் என்ற மார்க்சியச் சட்ட அறிஞர், 1924இல் எழுதிய நூலிலே, சட்டம் என்பது முதலாளியச் சந்தையின் சாயல், பொதுவுடைமையில் அது உதிர்ந்துவிடும் என்றார். 1937இல் அவரையே கைது செய்து கொன்றனர். சட்டத்தின் காப்பு இல்லாத இடத்தில் அதிகாரம் எவ்வளவு கொடிதாகும் என்பதற்கு அவர் முடிவே பாடமாயிற்று. இங்கிலாந்து வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன் 1975இல் இதற்குத் தெளிவான விடை தந்தார். மான் வேட்டையாடிய ஏழைகளைத் தூக்கிலிட 1723இல் செய்யப்பட்ட கொடுஞ்சட்டத்தை ஆராய்ந்தவர் அவர். சட்டம் செல்வரின் கருவியாயிற்று என்பதை மறைக்கவில்லை. ஆயினும், நீதியின் தோற்றத்தையேனும் காக்க வேண்டியிருப்பதால் ஆள்வோரும் சில வேளை சட்டத்துக்குக் கட்டுப்பட நேர்கிறது. ஆகவே சட்டத்தின் ஆட்சி மக்கள் கைவிடக் கூடாத உடைமை என்றார்.

நம் அனுபவமும் அதுவே. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. காட்டுவாழ் மக்களின் உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. எவரும் தானமாகத் தரவில்லை, போராடிப் பெற்றவை. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளும், குற்றப் பரம்பரையினர் எனப்பட்ட மக்களைப் பிறவிக் குற்றவாளிகளாகக் காணும் விதிகளும் அரசமைப்புக்கு மாறானவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது எப்போது? 2024 அக்டோபர் 3! அதே ஆண்டு ஜூலை முதல் நாள்தான் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் போய்ப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1952இல் இறந்ததாகச் சொல்லப்பட்ட பேய், எழுபத்திரண்டு ஆண்டுகள் சிறை விதிப் புத்தகங்களுக்குள் குடியிருந்திருக்கிறது. அதை ஓட்டுவதற்கும் ஒரு வழக்குத் தேவைப்பட்டது.

ஆகவே இளைஞர்க்கு நாம் சொல்வது இது. மேடையில் மார்க்சைப் பேசுங்கள், வேண்டும். காலையில் அதே ஊர் ஏரிக்கரைக்கும் செல்லுங்கள். அங்கே வாழும் குடும்பங்களிடம் சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, மனைப் பட்டா இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கு வருகிறதா என்று கேளுங்கள். களவு நடந்ததென்று இரவில் எவரையேனும் காவல் நிலையத்துக்குக் கொண்டு சென்றால், படித்தவர் இருவர் உடன் செல்லுங்கள். கைதுக்குக் காரணம் கேளுங்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற விதியை நினைவூட்டுங்கள். திண்ணையில் 'அந்தச் சாதியே அப்படித்தான்' என்று எவரேனும் சொன்னால், உப்புப் பொதி சுமந்த மாடுகளின் கதையைச் சொல்லுங்கள்.

நாமும் சொன்னோம். பேனா கிடைத்த வாரத்தில், பாடநூலை மூடிவைத்துவிட்டு, மரக்காணத்து உப்பு உள்நாட்டுக்குப் போன வழியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினோம். கொண்டு சென்றவர் யார் என்று கேட்டோம். வகுப்பு விழித்தது. பெயரைச் சொன்னோம். கண்கள் மீண்டும் கடைசி வரிசைக்குத் திரும்பின. இம்முறை அந்தச் சிறுவன் எழவில்லை. அமர்ந்தபடியே, "எங்க தாத்தா சொல்லியிருக்காரு சார்" என்றான்.